முதல் லாரி வேலை: யாரிடம் சேர்வது, எந்த ரூட்டைக் கேட்பது?

கேள்வி:

"எனக்கு 24 வயது. ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. மூன்று இடத்தில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். ஒன்று, பெரிய கம்பெனி. கிடங்கிலிருந்து கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோய் இறக்க வேண்டும். விடியற்காலையில் கிளம்பினால் இரவுக்குள் வீடு வந்துவிடலாம். மாதச் சம்பளம், அதுவும் குறைவுதான். முதல் ஆறு வாரம் மூத்த டிரைவர் ஒருவர் கூடவே வருவாராம். இரண்டாவது, நான்கு வண்டி வைத்திருக்கும் ஓனர். தொலைதூர லோடு, கிலோமீட்டர் கணக்கில் கூலி. அடுத்த வாரமே சாவியைத் தருகிறேன் என்கிறார். அந்த ரூட்டில் பெரிய மலைப்பாதை ஒன்று இருக்கிறது. மலையில் வண்டி ஓட்ட வேண்டும் என்பது எனக்குச் சின்ன வயது ஆசை. மூன்றாவது, பெட்ரோல் டேங்கர். மூன்றிலும் இதில்தான் சம்பளம் அதிகம். பயிற்சிச் செலவும் அவர்களுடையது. ஆனால் மூன்று வருடம் விலக மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 'லைனில் ஓட்டினால்தான் டிரைவர், ஊருக்குள் சுற்றுவதெல்லாம் ஒரு வேலையா' என்கிறார்கள் நண்பர்கள். வீட்டில் ஏழு மாதக் குழந்தை இருக்கிறது. எதில் சேரட்டும் அண்ணா? எந்த ரூட்டைக் கேட்டு வாங்கட்டும்?"

பதில்:

தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். முதல் கம்பெனியில் சேருங்கள். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்குச் சரியான பதில் வராவிட்டால் அங்கேயும் சேர வேண்டாம். அந்தக் கேள்வி என்ன என்பதைச் சொல்வதற்கு என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் 23 வருடம் லாரி ஓட்டினேன். இப்போது புதிய டிரைவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். எனக்கும் உங்களைப் போலத்தான், லைசென்ஸ் வாங்கிய சூட்டோடு ஒருவர் சாவியை நீட்டினார். என்னை நம்பித் தருகிறார் என்று நினைத்துப் பூரித்துப் போனேன். அவருடைய பழைய டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதும், வண்டி பத்து நாளாகச் சும்மா நின்றதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான்காவது மாதம், நள்ளிரவு தாண்டிய நேரம். கண் எரிகிறது, கொட்டாவி நிற்கவில்லை. ஓரங்கட்டி ஓனருக்குப் போன் செய்தேன். "இன்னும் கொஞ்ச தூரம்தானே, முகத்தைக் கழுவிவிட்டுப் போ" என்றார். போனேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது, இடது பக்கச் சக்கரம் சாலையை விட்டு மண்ணில் இறங்கிய சத்தம். நான் கண்ணை மூடியதே எனக்குத் தெரியாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறோம். மூன்று விநாடி கண் சொக்கினால் 66 மீட்டர் வண்டியை யாருமே ஓட்டவில்லை என்று அர்த்தம். அந்த 66 மீட்டரில் அன்றைக்கு யாரும் இல்லை. அதனால்தான் இன்று உங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். காலையில் ஓனரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "லோடு நேரத்துக்கு இறங்கிடுச்சா?"

அதற்குப் பிறகு எந்த இடத்தில் வேலை கேட்டாலும் இதைக் கேட்காமல் நான் சேர்ந்ததில்லை: "ராத்திரி இரண்டு மணிக்கு நான் போன் செய்து, தூக்கம் வருகிறது, வண்டியைப் பத்திரமாக நிறுத்திவிட்டேன், லோடு நான்கு மணி நேரம் தாமதமாகும் என்று சொன்னால், அந்தப் போனை எடுப்பது யார்? அவர் என்ன சொல்வார்?"

மேலாளர் உங்களிடம் நல்ல பதில்தான் சொல்வார். அதோடு விடாமல் அங்கே ஏற்கெனவே ஓட்டுபவர்களிடம் கேளுங்கள். "படுத்துத் தூங்குன்னு சொல்லுவாங்க, மறுநாள் யாரும் ஒண்ணும் கேட்கமாட்டாங்க" என்று ஒருவர் யோசிக்காமல் சொன்னால் அது நல்ல இடம். கேட்டவுடன் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினால் அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான். தூக்கத்தை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறேன் என்று தோன்றலாம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கையும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய நிலைக்கு வந்துவிடும் என்று ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்டினாலே குற்றம். குடித்திருக்கிறேன் என்று டிரைவர் சொன்னால் எந்த முதலாளியும் ஓட்டு என்று சொல்ல மாட்டார். தூக்கம் வருகிறது என்று சொல்லும்போதும் அதே பதில் வரும் இடத்தைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

இனி காசு. கிலோமீட்டர் கூலி என்றால் சக்கரம் சுற்றினால்தான் சம்பளம். லோடு ஏற்ற வரிசையில் ஐந்து மணி நேரம் நின்றால் அந்த ஐந்து மணி நேரம் யாருடையது? டயர் வெடித்து மெக்கானிக்குக்காகக் காத்திருந்தால்? இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பினால் அந்தத் தூரமும் கணக்கில் வருமா? எந்தத் தூரத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள் என்பதையும் கேளுங்கள். மீட்டரில் ஓடிய தூரமா, வரைபடத்தில் இருக்கும் குறுக்குத் தூரமா? குறுக்குச் சாலையில் பாலம் தாழ்வாக இருக்கும், கனரக வண்டிக்குத் தடை இருக்கும். நீங்கள் சுற்றிக்கொண்டு போவீர்கள். அந்தச் சுற்று உங்கள் கணக்கில் போய்விடும். கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். அங்கே ஓட்டும் ஒருவருடைய போன வாரத்தைக் கேட்டு, வீட்டிலிருந்து கிளம்பிய நேரத்திலிருந்து திரும்பிய நேரம் வரை எண்ணி, கையில் வாங்கிய காசை அந்த மணிகளால் வகுத்துப் பாருங்கள். உங்கள் முதல் கம்பெனியின் "குறைந்த" மாதச் சம்பளத்தையும் அதேபோல வகுங்கள். இரண்டுக்கும் நடுவில் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வித்தியாசம் இருக்காது. பல இடங்களில் இந்தக் கணக்கு தலைகீழாக முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

காசைத் தாண்டி இதில் இன்னொன்று இருக்கிறது. சக்கரம் நின்றால் சம்பளம் நிற்கும் என்றால், தூக்கம் வரும்போது நிறுத்தச் சொல்லி உங்கள் உடம்பு கெஞ்சும், ஓட்டச் சொல்லி உங்கள் பையே உங்களைத் துரத்தும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதிமுறை (எண் 561) இதைப் பேர் சொல்லியே தடுக்கிறது. ஓடிய தூரத்துக்கும், கொண்டுசேர்த்த வேகத்துக்கும், ஏற்றிய எடைக்கும் ஏற்பத் தரப்படும் கூலி சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் விதத்தில் இருந்தால், அப்படிக் கூலி தரக் கூடாது என்கிறது. அமெரிக்காவில் தொலைதூர வண்டிகளில் மைல் கணக்குக் கூலி இன்றைக்கும் சாதாரணம். பத்து வருடம் ஓட்டிய, தன் உடம்பை அறிந்த, நேர்மையான ஆபீஸ் அமைந்த டிரைவருக்கு அதில் நல்ல வருமானம் வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதையே இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது ஏற்ற கூலி முறை இல்லை.

டேங்கரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பாதி நிரம்பிய தொட்டியில் இருக்கும் திரவம், நீங்கள் பிரேக் போட்ட பிறகும் முன்னால் போய் மோதி, திரும்பி வந்து, மறுபடியும் மோதும். நின்றுவிட்ட வண்டியைக்கூட அது ஒரு முழம் முன்னால் தள்ளிவிடும். எரிபொருள் தொட்டிக்குள் அறைகளும் தடுப்புகளும் இருப்பதால் முன்பின் ஆட்டம் குறையும். பக்கவாட்டு ஆட்டம் முழுதும் அடங்காது. (பால் போன்றவற்றைக் கொண்டுபோகும் தொட்டிகளில் கழுவும் வசதிக்காகத் தடுப்பே வைப்பதில்லை. அவை இன்னும் முரண்டு பிடிக்கும்.) வண்டியின் கனமும் உயரத்தில் இருப்பதால், சாதாரண லாரி அலுங்காமல் திரும்பும் வளைவில் டேங்கர் சாய்ந்துவிடும். சாயப்போகிறது என்பது உங்கள் இடுப்புக்குத் தெரியும்போது நேரம் கடந்திருக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவது உங்களுக்கு யோசிக்காமல் வரும் பழக்கமான பிறகு டேங்கர் பக்கம் போங்கள்.

அந்த மூன்று வருட ஒப்பந்தம் எனக்கு அதைவிட உறுத்துகிறது. பயிற்சிக்குச் செலவு செய்தவர் கொஞ்ச காலம் இருக்கச் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை மாதாமாதம் குறைகிறதா, கடைசி மாதம் வரை அப்படியே நிற்கிறதா? அவர்களே உங்களை நிறுத்தினாலும் நீங்கள் கட்ட வேண்டுமா? பிரேக் சரியில்லாத வண்டியை எடுக்க மறுத்து விலகினால்? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் இல்லாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நான் மேலே சொன்ன "நிறுத்திவிட்டேன்" என்ற போனைச் செய்ய உங்களுக்குத் துணிவு வேண்டுமென்றால், வேலையை விட்டுப் போகும் வழி திறந்திருக்க வேண்டும். கடன்பட்டவனால் அந்தப் போனைச் செய்ய முடியாது. இதே காரணத்துக்காக, "ஓட்டிக்கொண்டே வண்டியைச் சொந்தமாக்கிக்கொள், மாதாமாதம் கூலியில் பிடித்துக்கொள்கிறேன்" என்று யாராவது வந்தாலும் ஒதுங்கிவிடுங்கள். அமெரிக்காவில் இந்த முறையை ஆராய அரசு அமைத்த குழு, இதை அடியோடு தடை செய்ய வேண்டும் என்றே பரிந்துரைத்தது.

இனி உங்கள் மலைக்கு வருகிறேன். அந்த ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். எனக்கும் அது இருந்தது, இன்னும் இருக்கிறது. அதனாலேயே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஏறுவது பெரிய விஷயமில்லை. வண்டி திணறும், பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிப்பார்கள், அவ்வளவுதான். கணக்கெல்லாம் இறக்கத்தில் இருக்கிறது. 40 டன் வண்டி, 100 மீட்டருக்கு 6 மீட்டர் இறங்கும் சாலையில், மணிக்கு 40 கிலோமீட்டரில் வேகம் கூடாமல் இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமி இழுக்கும் இழுப்பில் டயரின் உராய்வைக் கழித்தாலும் 200 கிலோவாட்டுக்கு மேல் மிஞ்சும். 2 கிலோவாட் ஹீட்டர் நூறை ஒரே நேரத்தில் போட்டுவிட்ட சூடு அது. அந்தச் சூடு எங்கேயாவது போயாக வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறும் வழியை அடைத்து இன்ஜினைத் தடுப்பது), ரிட்டார்டர் (கால் பிரேக்கைத் தொடாமல் வேகத்தைக் குறைக்கும் தனிக் கருவி), கீழ் கியரில் இன்ஜினின் தடை இவை மூன்றும் அதை வாங்கிக்கொண்டால் பிழைத்தோம். எல்லாவற்றையும் கால் பிரேக்கே வாங்கினால் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் சூடாகி விரியும், அதை உரசிப் பிடிக்கும் லைனிங்கின் பிடிப்பு தேய்ந்துகொண்டே போகும். மிதி முழுதும் இறங்கும், வண்டி நிற்காது. அந்த நேரத்தில் கீழ் கியருக்கு மாற்றலாம் என்று கிளட்சை மிதித்தால் கியர் விழாது, நியூட்ரலில் நின்றுவிடும். அதோடு இன்ஜின் தடையும் போயிற்று.

ஆகவே இறக்கத்துக்கான கியரை மலை உச்சியிலேயே, வண்டி இறங்க ஆரம்பிக்கும் முன்பே போட்டுவிட வேண்டும். இன்ஜின் தடை மட்டும் போதாமல் வேகம் நீங்கள் வைத்த எல்லையைத் தொட்டால், பிரேக்கை அழுத்தமாக மிதித்து மணிக்குப் பத்து கிலோமீட்டர் குறைத்துவிட்டு முழுதாக விட்டுவிடுங்கள். மறுபடி எல்லையைத் தொட்டால் மறுபடி அதே. லேசாக மிதித்தபடியே இறங்குவதுதான் பதமானது என்று பலர் சொல்லித் தருகிறார்கள். ஒரு சக்கரத்தின் பிரேக் மட்டும் மற்றவற்றுக்கு முன்பே பிடிக்கும்படி அமைந்திருந்தால், அந்த லேசான மிதியில் எல்லாச் சூட்டையும் அது ஒன்றே வாங்கிக் கருகிவிடும். இன்னொன்று: மழையில் காலி வண்டியோடு இறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக்கையும் ரிட்டார்டரையும் பார்த்துப் போட வேண்டும். அவை இழுப்பது இன்ஜின் சுழற்றும் சக்கரங்களை மட்டும்தான். மேலே கனம் இல்லாமல், தரையும் ஈரமாக இருந்தால் அந்தச் சக்கரங்கள் வழுக்கும், ட்ரெய்லர் பின்னாலிருந்து மடங்கி வரும்.

இதையெல்லாம் படித்தால் புரியும். ஆனால் லைனிங் கருகும் வாசனை எப்படி இருக்கும், மூன்றாவது கியரின் முனகல் எந்தச் சுதியில் வந்தால் கவலையில்லை என்பதெல்லாம் பக்கத்து சீட்டில் ஒருவர் இருந்து சொன்னால்தான் ஏறும். மலைக்கு முதல் தடவை போகும்போது அந்த மலையை அறிந்த ஒருவரோடு, ஓட்டாமல் உட்கார்ந்து போங்கள். அடுத்து அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் ஓட்டுங்கள், காய்ந்த சாலையில், பகலில், குறைந்த பாரத்தோடு. முழு பாரமும் இரவும் மழையும் ஒவ்வொன்றாகச் சேரட்டும். அந்த ஓனர் உங்களுக்குத் தருவது இந்த மூன்றையும் முதல் வாரத்திலேயே, தனியாக. உங்கள் ஆசைக்கு அவர் மரியாதை செய்யவில்லை தம்பி.

ஊருக்குள் சுற்றுவது ஒரு வேலையா என்கிறார்களே, அந்த நண்பர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லுங்கள். ஒரு நாளைக்குப் பத்துக் கடை, வருடத்தில் 280 நாள் என்றால், நெருக்கமான இடத்தில் 2,800 முறை பெரிய வண்டியை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தியிருப்பீர்கள். லைன் வண்டி ஓட்டுபவர் ஏற்றும் இடத்தில் ஒன்று, இறக்கும் இடத்தில் ஒன்று எடுப்பார். அந்த எண்ணிக்கையைத் தொட அவருக்குப் பல வருடம் ஆகும். ரிவர்ஸ் எடுப்பதற்கு முன் இறங்கிப் பின்னால் நடந்து பார்த்துவிட்டு ஏறுவது, வண்டியின் மூக்குக்கு அடியில் குழந்தை நின்றால் தெரியாது என்பதை மறக்காமல் இருப்பது, திரும்பும்போது வால் எந்தப் பக்கம் எவ்வளவு வீசும் என்று உடம்பிலேயே தெரிவது, இவை ஊருக்குள்தான் வரும். சரக்கு ஏற்றும் கணக்கும் அங்கேதான் பிடிபடும். பின்பக்கமிருந்து கடை கடையாக இறக்கிக்கொண்டே போனால் மொத்த எடை குறையும், ஆனால் மிச்சம் முழுதும் முன்னால் குவிந்துவிடும். காலையில் கிடங்கில் சரியாக இருந்த வண்டி, பாதிச் சரக்கை இறக்கிய பிறகு முன் அச்சில் அளவுக்கு மீறிய பாரத்தோடு ஓடிக்கொண்டிருக்கலாம். இதைத் தெரியாமல் பத்து வருடம் லைனில் ஓட்டியவர்களை நான் வகுப்பில் சந்திக்கிறேன்.

எந்த ரூட்டைக் கேட்பது என்றீர்கள். முதல் ஆறு மாதம் ஒரே ரூட்டை, பகலில், ஒரே நேரத்துக்குக் கிளம்பும்படி கேளுங்கள். சலிப்பாக இருக்குமே என்று நினைக்காதீர்கள். சாலை மனப்பாடமானால்தான் வண்டியைக் கவனிக்க மனதில் இடம் கிடைக்கும். பிரேக் நேற்று பிடித்த இடத்தில் இன்று பிடிக்கவில்லை என்பது, அதே வளைவில் தினமும் பிரேக் போடுபவருக்குத்தான் தெரியும். இரவு ஓட்டத்தை ஆறு மாதம் கழித்துச் சிறுகச் சிறுகச் சேர்க்கச் சொல்லுங்கள். இரவு இரண்டிலிருந்து விடியல் ஆறு வரை உடம்பு தானாகவே அணையும் நேரம். மதிய உணவுக்குப் பின் இன்னொரு சின்னச் சரிவு வரும். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறி மாறிப் போடும் அட்டவணை, தொடர்ந்து இரவில் ஓட்டுவதைவிட மோசம். எந்த வாரத்தில் இருக்கிறோம் என்று உடம்புக்கே தெரியாது.

எந்த ரூட்டாக இருந்தாலும் ஒரு வகுத்தல் போட்டுப் பாருங்கள். "600 கிலோமீட்டர், ஒரே நாளில் போய்விடலாம்" என்பார்கள். ஊர், சுங்கம், ஏற்றம், நெரிசல் எல்லாம் சேர்த்து சராசரியாக மணிக்கு 55 கிடைத்தால் அது 11 மணி நேர ஓட்டம். லோடு ஏற்றும் நேரத்தை இன்னும் சேர்க்கவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1979-ஆம் ஆண்டு உடன்படிக்கை நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, நான்கு மணி நேரத்துக்கு ஓர் இடைவேளை வேண்டும் என்கிறது. ஐரோப்பாவிலும் நாளுக்கு ஒன்பது மணி நேரம்தான், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. நாலரை மணி நேரத்துக்கு 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். அமெரிக்கா 11 மணி நேரம் வரை விடுகிறது, அதற்கு முன் பத்து மணி நேர ஓய்வு கட்டாயம். இந்தியாவின் 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வேலை நேரத்தையே நாளுக்கு எட்டு, வாரத்துக்கு 48 என்று வைத்தது. நீங்கள் ஓட்டப்போகும் இடத்தின் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு, அந்தக் கம்பெனியின் டிரிப் ஷீட் (ஓட்டத்தின் நேரமும் தூரமும் எழுதிய தாள்) ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். சட்டத்தை மீறாமல் முடிக்கவே முடியாத டிரிப்பை அட்டவணையில் போட்டிருந்தால், மாட்டிக்கொள்ளும்போது தவறு உங்கள் பெயரில்தான் எழுதப்படும். இரவு தங்க வேண்டிய ரூட் என்றால் வண்டியை எங்கே நிறுத்தித் தூங்குவார்கள் என்றும் கேளுங்கள். நிறுத்த இடமில்லாத ரூட்டில் ஓய்வு நேரம் காகிதத்தில்தான் இருக்கும்.

வண்டியையும் பார்க்காமல் சேராதீர்கள். டயர், விளக்கு, கண்ணாடி எல்லாரும் பார்ப்பது. நீங்கள் காற்று ஏறும் வரை இன்ஜினை ஓடவிட்டு, அணைத்து, பிரேக்கை மிதித்தபடியே ஒரு நிமிடம் காற்றழுத்த முள்ளைப் பாருங்கள். முள் இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. அதைவிட முக்கியம், வண்டியில் குறை எழுதும் நோட்டு இருக்கிறதா, போன மாதம் எழுதிய குறை எத்தனை நாளில் சரியானது என்பது. நோட்டே இல்லை, "சொன்னா பார்த்துடுவோம்" என்றால் அது நல்ல அடையாளம் இல்லை. அதிக பாரம் ஏற்றிப் பிடிபட்டால் அபராதம் யார் கட்டுவது என்பதை மட்டும் தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குழந்தையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தினமும் வீடு திரும்பும் வேலை உங்களுக்கு இப்போது ஏற்றது, ஆனால் ஒரு சிக்கல் உண்டு. விடியற்காலை நான்கரைக்குக் கிளம்ப வேண்டுமென்றால் இரவு எட்டரைக்குள் படுத்தாக வேண்டும். குழந்தை இரவில் எழும். இதைச் சேர்வதற்கு முன்பே உங்கள் மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் தூங்குவதன் பாரத்தை அவர் ஒருவரே சுமக்கக் கூடாது. முடிந்தால் வார விடுமுறைக்கு முந்தைய இரவைக் குழந்தைக்காக நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பெரிய கம்பெனி என்பதற்காக நான் அதைச் சொல்லவில்லை. ஆறு வாரம் ஒருவர் கூட வருகிறார் என்பதற்காகச் சொல்கிறேன். என் வாழ்க்கையில் நான் மிகவும் நிம்மதியாக ஓட்டிய ஆறு வருடம் மூன்று வண்டி வைத்திருந்த ஒருவரிடம்தான். அவரே முன்பு டிரைவர். நான் போனில் பேசும் குரலை வைத்தே "நிறுத்துப்பா, படு" என்பார். உங்கள் இரண்டாவது ஓனர் இரண்டு மாதம் கூட உட்கார்ந்து வருகிறேன், காத்திருக்கும் நேரத்துக்கும் காசு தருகிறேன் என்று சொன்னால் என் பதிலும் மாறும். கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தவறில்லை. அதேபோல முதல் கம்பெனியில் ஆறு வாரம் என்பது பேச்சுக்கு மட்டும்தானா என்பதையும் விசாரியுங்கள். போன தடவை சேர்ந்த புது டிரைவரோடு உண்மையில் எத்தனை நாள் மூத்தவர் போனார் என்று அவரிடமே கேட்டால் தெரிந்துவிடும்.

நல்லபடியாக அமைந்தால் அங்கே ஒன்றரை, இரண்டு வருடம் இருங்கள். விபத்தில்லாத இரண்டு வருடப் பதிவோடு போய் மலை ரூட்டைக் கேட்டால், உங்களோடு யார் முதலில் வருவார் என்று நீங்களே நிபந்தனை வைக்கலாம். டேங்கர்காரர்களும் அப்போது ஒப்பந்தக் காகிதத்தை நீட்ட மாட்டார்கள். ஓட்டத் தெரிந்தவர் எங்கேயும் குறைவுதான்.

நாளைக்கு முடிந்தால் அந்தக் கம்பெனி வாசலில் சாயங்காலம் வண்டிகள் திரும்பும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள். இறங்கி வருபவர்களில் மூன்று பேரிடமாவது அந்த இரண்டு மணிக் கேள்வியைக் கேளுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அதை வைத்து மேலே பேசுவோம்.